சைலன்சருக்குப் பித்தளை வைத்த கதை

அத்தை வீட்டு ஜெனரேட்டரின் சைலன்சரில் ஓட்டை விழுந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆம்பூரில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் அக்காவான அத்தை, வீட்டுக் கூடத்தில் தையல் மெஷின்களைப் போட்டு, ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் தெருப் பெண்கள் சிலரும் அங்கேதான் தைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகப் போய் அம்மாவின் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சொல்லிவைத்த மாதிரி அப்போதுதான் கரண்ட் போகும்.

கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஓடவிட்டால் கூடத்துக்குள்ளேயே லாரி வந்துவிட்டது போலிருக்கும். எல்லோரும் அதைத் திட்டினார்கள். ஆனால் அந்தச் சத்தத்தில்தான் பெண்கள் மனம்விட்டுப் பேசினார்கள். வாசலோரம் உட்கார்ந்து தைத்ததைச் சரிபார்க்கும் அத்தையின் காதுக்கு ஒன்றும் எட்டாது. ஹைவே பக்கம் வந்திருந்த பெரிய கம்பெனியைப் பற்றித்தான் பேச்சு. வேன் வரும், பி.எஃப். உண்டு, எல்லோரும் ஒன்றாக வந்தால் ஒரே தையல் லைனில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்களாம். அம்மாதான் இதற்குத் தலைவி. தயங்கியவர்களைத் தினமும் கத்திக் கத்திச் சம்மதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே அத்தைக்குத் தெரிந்தால் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து அழுது எல்லோரையும் நிறுத்திவிடுவாள். அப்பாவோ அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

"வீட்ல இதப் பத்தி மூச்சு விட்ட, தோல உரிச்சிடுவேன்" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.

சைலன்சரைச் சரிசெய்யும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். அத்தையின் வீட்டுக்காரர், தோல் பதனிடும் ஷாப்பில் வெல்டர். "யானை சைஸ் டிரம்முக்கே வெல்டிங் வெக்கிறவன், இந்த டப்பாவுக்கு வெக்க மாட்டனா?" என்று அதைக் கழற்றி வேலைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் அது எட்டணா அகல ஓட்டையோடு திரும்பி வந்தது. மறுபடி கொண்டுபோனார். இந்த முறை என் இரண்டு விரல் ஒன்றாக உள்ளே போனது. மாமா தகரத்தைத்தான் குறை சொன்னார்.

ஒருநாள் பஜாரில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கேஸ் வெல்டிங் கடைக்குள் நுழைந்தாள். கடைக்கார பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அது மெல்லிசுத் தகரம்மா. கரண்ட் ராடு வெச்சா சூடு ஜாஸ்தியாயி உருகிப் பூடும். கேஸ்ல கம்மியா சூடு காட்டி, பித்தளைய உருக்கி ஒட்டணும். கொண்டாந்து குடுங்க, நின்னு வாங்கிட்டுப் போலாம்."

அம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம், "கடைக்கெல்லாம் இன்னாத்துக்குண்ணா குடுக்கணும்? உங்க கைக்கு மேலயா? இன்னொரு வாட்டி வெச்சிப் பாருங்க" என்றாள். மாமாவுக்கு முகமெல்லாம் பல். மேலே ஒரு பட்டை வைத்து வெல்டிங் அடித்தார். பட்டையைச் சுற்றி உருகிப் பட்டையே கழன்று விழுந்தது. அதற்கும் அம்மா, "கிட்டத்தட்ட வந்துடுச்சிண்ணா" என்றாள். அவள் தினமும் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

கடைசியில் அத்தைக்குத்தான் பொறுமை போனது. "பேஜாரா பூச்சிப்பா!" என்று அவளே சைலன்சரைப் பையில் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போய் வந்தாள். பைப் சேரும் இடத்தில் சுற்றிலும் மஞ்சளாக ஒரு பித்தளைக் கோடு. மாமா அதைப் பார்க்காதவர்போல் மாட்டினார்.

அன்றும் கரண்ட் போனது. கயிற்றை இழுத்தார்கள். ஜெனரேட்டர் லேசாக முனகியது, அவ்வளவுதான். விளக்கும் மெஷினும் வந்தன. பின்வரிசை அக்காவுக்குப் பழக்கதோஷம். தொண்டை கிழியக் கத்தினாள்:

"யக்கா, நாளிக்கு கம்பெனி வேனு எத்தினி மணிக்கின்னு சொன்ன?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தை கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சாதாரணக் குரலில், "ஆறே முக்காலுக்கு" என்றாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று அத்தை கேட்டாள்.

"சொல்லியிருப்பீங்க அண்ணி."

அத்தை எழுந்து போய் ஜெனரேட்டரை அணைத்தாள். கூடம் இருட்டாயிற்று. பெண்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு மாமாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. பித்தளைதான் வைக்க வேண்டும் என்று பாய் அன்றைக்கே சொன்னாரே, அதை ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன்.

"மறந்துட்டேன்டி" என்றாள்.

அம்மாவுக்கு மறதி ஜாஸ்தி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.