சூரியன் அடித்த மணி

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், பால்காரர் என் வாசலுக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் செம்பைத் தானே கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறக்க உட்காருவார். மற்ற வீடுகளில் அவர் அப்படிச் செய்வதில்லை. மீன் கொண்டு வருகிற சீனர் நான் கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிக் காட்டுவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே, கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாய் என்று டீச்சரம்மா என்னைத் திட்டியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். கிள்ளான் போகிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவருக்குத் தந்தி மேஜை. அந்த இடத்தில் ஒற்றைத் தண்டவாளம்தான். அடுத்த ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயிலை விடுகிறார்கள் என்றால் கம்பி வழியாக இங்கே மணி அடிப்பார்கள். மணி கேட்டுவிட்டால் இந்தப் பக்கத்து ரயிலை விடக் கூடாது. விட்டால் நடுவழியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆகவே மணியைக் காதில் வாங்குவதுதான் அவருடைய வேலை, அந்த வேலையில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. அடுப்படியில் கரண்டி விழுந்தால்கூடத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிற மனுஷன் அவர்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெயில் கடுமையாக இருந்த ஒரு மாதம். சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது, செங்கல் சூளைப் புகைக்குப் பின்னால் சூரியன் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. கண் கூசாமல் பார்க்க முடிந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது, ஆனால் கொஞ்சம் நகர்ந்திருந்தது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நிற்பார்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, வேலை முடிகிற நேரத்துக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"என்னை மேஜையிலேருந்து எழுப்பிட்டாங்க. விசாரணை வைக்கப் போறாங்களாம்."

தண்ணீர் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். மத்தியானம் மணி அடித்திருக்கிறது. அவர் காதால் கேட்டிருக்கிறார். துறைமுகத்துக்குப் போகிற ரயிலை நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து ரயில் வரவேயில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டேஷனைக் கேட்டால், அங்கிருக்கிற ஆள், "நான் மணியே அடிக்கல, இங்க ரயிலும் இல்ல" என்று சொல்லிவிட்டான். நின்ற ரயிலில் கப்பலைப் பிடிக்கப் போன துரைமார் இருந்தார்கள். கப்பல் போய்விட்டது. மணி கனவில் அடித்ததா என்று பெரிய துரை எல்லார் முன்னாலும் கேட்டாராம். மேஜையில் தூங்கினவனுக்கு ரயில்வேயில் மன்னிப்பு கிடையாது. மேஜை போகும், மேஜையோடு குவாட்டர்ஸும் போகும்.

எனக்கு அடுத்த ஸ்டேஷன்காரன்மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவன். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய மச்சினன் ஒருத்தனை வேலையில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தான். மணியை அடித்துவிட்டு அடிக்கவில்லை என்று சாதிக்கிறான், இவர் இடத்தில் மச்சினனை உட்காரவைக்கப் பார்க்கிறான் என்று தீர்மானமே செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து துக்கம் விசாரித்தபோது, அவர்கள் கண் தங்கள் திரைத்துணிக்கு என் ஜன்னல்களை அளவெடுக்கிறது என்றுகூட நினைத்தேன்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் தந்தி இன்ஸ்பெக்டர் இருந்தார். கம்பி, கருவி எல்லாவற்றையும் சோதிக்கிறவர், எங்கள் தமிழர் சபையைச் சேர்ந்தவர். விஷயம் கேள்விப்பட்டதும் எங்கள் இருவரையும் தன் வீட்டு வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு பழைய தூரதர்சினியை முக்காலியில் கட்டி, வெயில் பக்கம் திருப்பிவைத்திருந்தார். குழாயில் கண்ணை வைத்தால் குருடாகிவிடும் என்று எச்சரித்துவிட்டு, அதன் வாய்க்கு நேராக ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தார். காகிதத்தில் சூரியன் தோசை அளவுக்கு வட்டமாக விழுந்தது. வட்டத்தின் நடுவில் கறுப்புப் புள்ளிகள், ஒரு பெரியதும் அதைச் சுற்றிப் பல சின்னதுமாக.

"இதைத்தான் தினமும் பாத்துக்கிட்டு வரேன், தங்கச்சி. இவ்வளவு பெரிசா நான் பாத்ததில்ல. இது நேரா நம்மள பாத்துக்கிட்டு நிக்கிற நாள்லதான் கம்பி எல்லாம் பேய் பிடிச்ச மாதிரி ஆடுச்சு."

நான் சும்மா விடுவேனா? "கண்ணாடியில அழுக்கு இருக்குமுங்க, அண்ணே" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ குழாயைத் திருகிப் பாருங்க" என்றார்.

திருகினேன். கண்ணாடியில் இருந்த ஒரு கீறலின் நிழல் குழாயோடு சேர்ந்து சுற்றியது. கறுப்புப் புள்ளிகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இன்னொரு முறை திருகினேன். காகிதத்தை மாற்றச் சொன்னேன். புள்ளிகள் அங்கேயே இருந்தன. அப்போதுதான் என் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, என் புருஷன் காதிலும் இல்லை என்று பட்டது.

இன்ஸ்பெக்டர் விளக்கினார். தந்திக்கு ஓடுவது ஒரே கம்பிதான். மின்சாரம் திரும்பி வருகிற வழி பூமி. சூரியனில் இப்படிப் பெரிய புள்ளி வந்து கொந்தளித்தால் பூமியின் காந்தம் ஆடிப்போகும். அப்போது மண்ணுக்குள் மின்சாரம் ஓடும், அது கம்பியில் ஏறினால் யாரும் தொடாமலே மணி அடிக்கும், முள் ஆடும். அன்றைக்கு மற்ற ஊர்க் கம்பிகளும் இப்படி ஆடியிருக்க வேண்டும், விசாரித்து எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார்.

"அதுவரைக்கும் நீ ஒரே வார்த்தைதான் சொல்லணும். மணி அடிச்சுச்சு, நான் கேட்டேன். அதுக்கு மேல வாயத் தொறக்காதே" என்று இவரிடம் அழுத்திச் சொன்னார்.

இவர் வழக்கம்போலத் தலையாட்டினார்.

பதில் உடனே வரவில்லை. நான் தினமும் அந்த வராந்தாவுக்குப் போய், இன்ஸ்பெக்டர் சம்சாரத்தோடு நின்று புள்ளிகளைப் பார்த்தேன். அவை மெல்ல மெல்ல வட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன. சாட்சி ஓடிப்போகிறதே! துரை ஒரு நடை வந்து காகிதத்தைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். துரை வரமாட்டார் என்றார் அந்த அம்மா.

துரை வரவில்லை. பெரிய கிராணி வந்தார், தலைமைக் குமாஸ்தா. ஆபீசில் துரைக்கு அடுத்தபடி எல்லாமே அவர்தான். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம், சாவு, வேலை எதுவானாலும் அவர் வாக்குதான். காப்பியை வாங்கி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"இதோ பாரு தம்பி, இத வளத்தாதே. நாளைக்குக் காலையில போய்க் கைகட்டி நில்லு. கண் அசந்துட்டேன் துரை, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லு. ரெண்டு திட்டு திட்டுவாரு, விட்டுடுவாரு. அம்புட்டுதான் லா."

"அவர் தூங்கலையே, ஐயா!" என்றேன் நான்.

"தூங்கினாரா இல்லையான்னு யாரும்மா கேட்டா? நாம கேக்குறது மன்னிப்பு, துரை குடுக்குறது மன்னிப்பு. சூரியன் வந்து மணி அடிச்சுச்சுன்னு போய் நின்னா, தூங்கினவன் மட்டுமில்ல, குடிச்சவன்னும் முத்திரை குத்திடுவாங்க."

தப்பு செய்தோமோ இல்லையோ, துரை முகம் சிவந்தால் முதலில் மன்னிப்பு. தோட்டத்திலும் ரயில்வேயிலும் எங்கள் ஆட்கள் பிழைத்த முறை இது. நியாயம் பேசினவனைவிடக் குனிந்தவனுக்குத்தான் வேலை நிலைத்தது, அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கிராணி அத்தனை அவசரப்பட்டதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. ஏதோ ஒரு பெயரை எழுதி விசாரணைக் காகிதக் கட்டை மூடிவிட்டால் அவருக்குத் தலைவலி தீரும். அன்று ராத்திரி சாப்பாட்டில் கைவைக்காமல் நான் சண்டை போட்டேன். "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லாதீங்க" என்று கெஞ்சவும் செய்தேன்.

"பெரியவர் சொல்றாரு. நமக்கு வீடு முக்கியமா, வீம்பு முக்கியமா?" என்றார்.

காலையில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கைகட்டி நின்றார். கண் அசந்துவிட்டேன், துரை என்று சொன்னார். கிராணி சொன்னபடியே துரை இரண்டு திட்டுத் திட்டினார், முடிவு பிறகு வரும் என்று அனுப்பிவிட்டார். இவர் சந்தோஷமாகக்கூட வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரமே இன்ஸ்பெக்டருக்குப் பதில் வந்தது. சிங்கப்பூரில் ஆடியிருக்கிறது, பினாங்கில் ஆடியிருக்கிறது, கடலுக்கடியில் போகிற கம்பியும் ஆடியிருக்கிறது. அது மட்டுமில்லை, எங்கள் பாதையிலேயே வேறு ஸ்டேஷன்களிலும் அன்றைக்கு முள் தானாக ஆடியிருக்கிறது. நான் கரித்துக்கொட்டின அடுத்த ஸ்டேஷன்காரன் மேஜையிலும் பொய் மணி அடித்திருக்கிறது. பயத்தில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். சூரியன்தான் காரணம் என்று துரையே ஒப்புக்கொண்டு எல்லாரையும் விட்டுவிட்டார்.

இவரை மட்டும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் போய் வாதாடினார். துரை சொன்ன பதிலை அப்படியே வந்து எங்களிடம் சொன்னார். மற்றவர்கள் யாரும் தூங்கினதாகச் சொல்லவில்லை, இந்த ஆள் தன் வாயாலேயே சொன்னான். மற்ற இடங்களில் சூரியன் மணி அடித்திருக்கலாம். இவன் தூங்கினான் என்பதற்கு இவனே சாட்சி. தூங்காதவன் தூங்கினேன் என்று எதற்காகச் சொல்வான்?

 எங்கள் ஆட்கள் எதற்காகச் சொல்வார்கள் என்று துரைக்கு யார் விளங்கவைப்பது?

இவரைக் கிள்ளான் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்து, மீன், காய்கறி விற்கிற பாசாருக்குப் பின்னால் ஓர் ஓலைக்கூரை வீட்டுக்குப் போனோம். ரப்பர் மூட்டைகளுக்குக் குறி போடுவது இவர் வேலை. அதற்கெல்லாம் நான் அழவில்லை. நான் அழுதது வேறொன்றுக்கு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒருவேளை நிஜமாவே தூங்கிட்டேனோ?"

"பைத்தியமா உங்களுக்கு? காதால கேட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"கேட்டேன்னுதான் நெனச்சேன். தூங்கினவனுக்கும் அப்படித்தானே இருக்கும்?"

காகிதத்தில் விழுந்த சூரியனைச் சொன்னேன். சிங்கப்பூரைச் சொன்னேன், பினாங்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், இந்த மனுஷனை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அவருக்கு அவர்மேலேயே வந்துவிட்ட சந்தேகத்தை என்னால் எடுக்க முடியவில்லை.

பெரிய துரை சீமைக்குத் திரும்பிப் போனார். புதிதாக வந்தவரை இன்ஸ்பெக்டர் விடாமல் பிடித்துப் பழைய கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறார். நான் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், புது துரையும் இன்ஸ்பெக்டரும் சரக்குக் கொட்டகைக்கு வந்தார்கள். நான் சாப்பாட்டுத் தூக்கோடு கதவோரம் ஒதுங்கி நின்றேன். துரை நல்ல மாதிரி. நடந்தது தப்பு, தந்தி மேஜை உனக்காகக் காலியாக இருக்கிறது, நாளைக்கே வந்து உட்கார் என்றார். இன்ஸ்பெக்டர் அதைத் தமிழிலும் ஒரு முறை சொன்னார்.  

இவர் குறி போடுகிற தூரிகையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கைகட்டி நின்றார்.

"வேணாங்க துரை," என்றார். "நான் தூங்கிடுவேன்."