அண்ணா வந்த தூரம்

அண்ணாவைப் பார்க்க லண்டன் போகும் விமானத்தில், இன்னும் பத்து மணி நேரம் என்று முன்னாலிருந்த திரை காட்டியது. உடனே கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறை நினைவுக்கு வந்தது. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் அதன் ஜன்னல் அதிரும். உப்புக்காற்றில் அம்மாவின் தைலப் போத்தல் மூடிகூடத் துருப்பிடித்திருந்தது.

சண்டை நடந்த அந்தக் காலத்தில், வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அப்பா யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டார். அவருக்குக் கடுமையான வருத்தம், படுத்த படுக்கையாகிவிட்டார் என்று அறிந்ததும், லண்டனிலிருந்த அண்ணா அடுத்த நாளே கொழும்பில் வந்து இறங்கினார். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடியிருந்தது. கப்பலில் போக அனுமதி கேட்டு அவர் தினமும் அரசாங்கக் கந்தோருக்கு அலைந்தார்.

"நாளைக்கு வரட்டாம்," என்று ஒவ்வொரு நாளும் வந்து சொல்வார். அம்மா கட்டி வைத்த பையை அவிழ்க்கவேயில்லை.

அப்பா இறந்த செய்தி எங்களுக்கு வந்தபோது அங்கே தகனமும் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் கொள்ளி வைத்தாராம். அண்ணா வெள்ளவத்தைக் கடலில் முழுகி எழுந்து, வடக்குப் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

திரும்பிப் போகும் நாளில், "உங்களை விட்டிட்டு இவ்வளவு தூரம் போறன், அம்மா," என்று கலங்கினார்.

அம்மா அழவில்லை.

"தூரமோ? கேள்விப்பட்ட உடனை வந்து சேர்ந்தனியெல்லோ. நீ கிட்டத்தான் இருக்கிறாய், தம்பி," என்றார்.