மெழுகு சுடாத கை

கெளிற்று மீன் அரிந்துகொண்டிருந்தேன். பகல் பத்து மணி இருக்கும். தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் வந்த என் கணவர் மரியதாஸ், செம்பை வாய்க்குக் கொண்டுபோகாமலே என் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாரப்பா, உன்ரை கையிலை முள் நிக்குது."

குனிந்து பார்த்தேன். மீனின் முதுகு முள் உள்ளங்கையில் ஆழ ஏறியிருந்தது. ரத்தம் முழங்கைவரை வழிந்து சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கெளிற்று முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரிய பெரிய ஆம்பிளைகளை மணலில் புரள வைக்கிற முள் அது. கடுப்பு அக்குள்வரை ஏறும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நோகேல்லையே?"

"இல்லை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இந்த நோயில் எனக்கு வந்த முதல் கேடு அந்தப் பெருமைதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். இதே நோய் வந்து, எனக்கு ஏன் இப்படி என்ற கேள்வியோடு இருக்கிற யாராவது இதை வாசித்தால், என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர். அதற்குச் சில வருடம் முன் ஒருமுறை இவர் போன வள்ளம் காற்றில் அகப்பட்டு மூன்று நாள் கரைக்கு வரவில்லை. நான் கோவிலுக்கு ஓடிப்போய்த் தேவமாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். நாலாம் நாள் மனுசன் உப்புப் பூத்த முகத்தோடு வந்து சேர்ந்தார்.

எங்கள் ஊரில் நேர்த்தி என்றால் இப்படி. தபசு காலத்து (பெரிய வெள்ளிக்கு முந்திய நோன்பு நாட்கள்) வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை நடக்கும். நேர்த்திக்காரர் எரிகிற மெழுகுதிரியை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு பதினான்கு ஸ்தலமும் சுற்ற வேண்டும். ஒழுகுகிற மெழுகைத் துடைக்கக் கூடாது, கை மாற்றக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. முதல் வருடம் எனக்கும் மற்றவர்களைப் போலத்தான் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வருடம் மெழுகு சுடவில்லை. விரல்களிலும் உள்ளங்கையிலும் சொட்டுச் சொட்டாக விழுந்து உறைந்தது. யாரோ வேறு ஒருத்தியின் கையில் விழுவதுபோல் பார்த்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க ஒரே கதை: பிலோமினாவின் கைக்கு வரம் கிடைத்துவிட்டது.

நான் அதை மறுக்கவில்லை. ஏன் மறுப்பேன்? எனக்கும் அப்படித்தான் பட்டது. பங்குச் சுவாமி பிரசங்கத்தில் என்னைக் காட்டி, விசுவாசம் உள்ளவருக்கு நோவும் இனிப்பாகும் என்றார். அதற்குப் பிறகு நான் கோவிலில் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். நடையே மாறிவிட்டது என்று இவர் பகிடி பண்ணுவார்.

பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். காய்ச்சல், இருமல், பயந்து அழுகிற பிள்ளை. "அந்தக் கையை ஒருக்கா வையுங்கோ அக்கா." வைத்தேன். எல்லோரிலும் அதிகம் வந்தவள் அடுத்த வளவு செலஸ்தீன். அவளுடைய மகள் றீற்றாவுக்கு நான் தொட்டம்மா (ஞானத்தாயை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). எங்களுக்குப் பிள்ளை இல்லை. றீற்றா அப்போது இரண்டு வயதுப் பிள்ளை, நெஞ்சுச் சளிக்காரி. அவளை மடியில் கிடத்தி, இடது கையை நெற்றியிலும் நெஞ்சிலும் வைத்து, பகல் முழுக்கச் செபம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு தபசு காலம்.

கையில் மெழுகு சுட்ட புண்கள் ஆறாமல் கிடந்தன. அதையும் காயவரம் (சேசுநாதரின் காயங்கள் உடம்பில் தோன்றும் வரம்) என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கெளிற்று முள்ளைக் கண்ட என் கணவர்தான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் என்னைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் பலகை வாங்கொன்றில் இருந்தோம். உள்ளே கூப்பிட்ட டாக்குத்தர் வயதானவர், மெல்லப் பேசுகிறவர். கண்ணை மூடச் சொன்னார்.

"நான் தொடுற இடத்தை விரலாலை காட்டுங்கோ, பிள்ளை."

காத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது இடது கையில் மூன்று இடத்தில் ஊசி குத்திய இரத்தப் பொட்டு இருந்தது.

முழங்கையின் உட்புறத்தைத் தடவினார். அங்கே நரம்பு தடித்துக் கயிறு மாதிரிக் கிடந்தது. முதுகில் வெளிறிய படை ஒன்று இருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்து என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"இது குட்டம். தொழுநோய் எண்டும் சொல்லுவினம். இப்ப நல்ல மருந்து இருக்கு, பயப்பிடாதேங்கோ. நரம்பு செத்ததாலைதான் நோவு தெரியேல்லை."

எனக்குக் காது அடைத்தது. சுவரில் இருந்த கலண்டரும் மேசையில் இருந்த மையும் அப்படியே தெரிந்தன, ஆனால் டாக்குத்தரின் குரல் மட்டும் கேட்கவில்லை. வரம் என்று நான் நினைத்தது செத்துப்போன நரம்பு. முன்வரிசை, பிரசங்கம், என் நடை, எல்லாம் செத்துப்போன ஒரு நரம்பின் மேல் நின்றிருக்கின்றன. வெட்கம் பிறகுதான் வந்தது. அதற்கு முன் றீற்றாவின் நெஞ்சு என் கண்ணுக்குள் வந்தது.

"டாக்குத்தர், இந்தக் கையாலை நான் பிள்ளையளைத் தொட்டனான்" என்றேன். "கன பிள்ளையள். ஒரு பிள்ளையை மடியிலை வைச்சிருந்தனான்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "கன பேரின்ரை உடம்பு இந்தக் கிருமியை எதிர்த்துப் போடும். தொட்ட எல்லாருக்கும் வராது."

"வந்தால் எப்ப தெரியும்?"

"அதுதான் சொல்லேலாது. ரெண்டு வரியமும் ஆகும், பத்து வரியமும் ஆகும்."

தொழுநோய் என்ற சொல்லைவிட அந்தப் பத்து வருடம்தான் என்னை உடைத்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் கடவுளோடு சண்டை பிடித்தேன். எனக்கு நோயைத் தந்தால் தந்துவிட்டுப் போகட்டும். அதை உம்முடைய கோவிலுக்குள், உமக்கு வைத்த நேர்த்திக்குள் ஏன் ஒளித்து வைத்தீர்? விசுவாசத்தோடு வந்தவளின் கையை ஏன் பிள்ளைகள் மேல் வைக்கவிட்டீர்? மாங்குளம் தாண்டும்போது நான் வாய்விட்டே கேட்டிருக்க வேண்டும். முன் ஆசனத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

செலஸ்தீனிடம் நானே போய்ச் சொன்னேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் சொன்னேன். அவள் றீற்றாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, பிள்ளை குளறக் குளற வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். நான் தைத்துக் கொடுத்த சட்டைகளை முற்றத்தில் போட்டு எரித்தாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் எரித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் தங்கி மருந்தெடுக்க நான் ஊரை விட்டுப் புறப்படுகிற நாளில் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தார். கதிரையை முற்றத்தில் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"பிரசங்கத்திலை உம்மைக் காட்டினது என்ரை பிழை" என்றார். "ஒரு மனுசிக்கு நெருப்புச் சுடேல்லை எண்டால் முதல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேணும். எனக்கு அது வரம் மாதிரித் தெரிஞ்சுது."

"நம்பினவளுக்கு ஏன் சுவாமி இப்பிடி?"

"தெரியாது பிள்ளை." கதிரையின் சாய்வைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டு மட்டும் இப்ப யோசிக்கிறன். சேசுநாதர் சிலுவையிலை நோகேல்லை எண்டு சொல்லேல்லை. கத்தினவர். ஏன் எண்டு தகப்பனைக் கேட்டவர். நாங்கள்தான் கத்தாமல் இருக்கிறதைப் பக்தி எண்டு உங்களுக்குப் பழக்கிப்போட்டம்."

அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கோபத்தில் அவருக்குத் தோத்திரம் சொல்லக்கூட மறந்து உள்ளே போய்விட்டேன்.

கிழக்கில், தூரத்தில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் இருந்தேன். சல்போன் (இந்தக் கிருமியை மெல்ல மெல்ல அடக்கும் மருந்துக் குளிசை) தந்தார்கள். முதல் வருடம் ஒருமுறை உடம்பு மருந்தோடு முரண்பட்டது. இதை நரம்பழற்சி (நரம்பு வீங்கிக் கொதித்தல்) என்றார்கள். உணர்வில்லாத அதே கை, முழங்கையிலிருந்து தோள்வரை நெருப்பாக நொந்தது. அன்று நான் கத்தினேன். வாய் திறக்காமல் நடந்த வெள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண் எழும்பி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விரல்கள் இல்லை. கடவுள் அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாரா என்று கேட்டால், அந்த விரலில்லாத கையைத்தான் என்னால் காட்ட முடியும்.

அங்கே பழகிய ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். உணர்வு போன கை திரும்புவது அரிது. அதைக் கண்ணால்தான் காக்க வேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் வெளிச்சத்தில் பிடித்து, விரல் விரலாகப் பாருங்கள். சுட்டிருக்கிறதா, வெட்டியிருக்கிறதா, முள் நிற்கிறதா. சட்டியைத் துணி பிடித்துத்தான் இறக்குங்கள். முன்பெல்லாம் நோகாமல் இருக்க வேண்டும் என்று மன்றாடியிருக்கிறேன். நோவு நம்முடைய காவல் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது இடது கையின் கடைசி இரண்டு விரலும் மடிந்து போயிருந்தன. நோய் அடங்கிவிட்டது, யாருக்கும் தொற்றாது என்று கடுதாசி தந்திருந்தார்கள். மரியதாஸ் அதைச் சாமிப்படத்துக்குக் கீழே ஒட்டினார். நான் வைத்த மீன் குழம்பை முதல் நாளே சட்டியோடு வழித்துச் சாப்பிட்டார். ஆனால் அயலில் இருந்து ஒருத்தரும் வரவில்லை. வேலிக்கு அப்பால் றீற்றாவின் குரல் கேட்கும். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். அவள் சிரித்தாலும் அழுதாலும் எனக்குள் ஒரு கணக்கு ஓடும்: ஆறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் நாலு இருக்கிறது.

ஒரு மத்தியானம் வேலிப் படலை திறந்தது. செலஸ்தீன் நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி றீற்றா. எட்டு வயதுப் பிள்ளை, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள், தாய் கையை அழுத்த மூடிக்கொண்டாள்.

"அக்கா, ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை" என்றாள் செலஸ்தீன். சட்டைக் கையை உயர்த்தினாள். பிள்ளையின் புயத்தில், ஒரு சதக் குத்திக் காசளவில், வெளிறிய படை. "நீங்கள்தான் இதை அறிஞ்சனீங்கள். பாருங்கோ."

பிள்ளையை முற்றத்து வெளிச்சத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று வவுனியாவில் எனக்குச் செய்தது போலவே செய்தேன். கண்ணை மூடு என்றேன். முதலில் படையைப் பஞ்சால் தொட்டேன். பிள்ளை அசையவில்லை. பிறகு வலது கையில் ஊசியை எடுத்து அந்தப் படையின் நடுவில் குத்தினேன். சத்தம் இல்லை. மறுபடி குத்தினேன். இரத்தப் பொட்டு எழும்பியது. பிள்ளை மரம் மாதிரி நின்றாள்.

செலஸ்தீன் மணலில் குந்திவிட்டாள். கடவுளே, இதையுமா என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க ஒன்றும் வரவில்லை.

ஊசியைக் கீழே போடக் குனிந்தபோதுதான் பிள்ளையின் கால்கள் தெரிந்தன. பத்து விரலும் மணலுக்குள் இறுக்கிப் புதைந்திருந்தன. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"றீற்றா, நோகுதோ?"

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "நோகுது தொட்டம்மா. பஞ்சு கூசினது. அம்மாதான் என்ன செய்தாலும் சத்தம் போடக் கூடாதெண்டவா."

"ஆர் சொன்னது? கத்து!" என்றேன். "கத்து பிள்ளை, கத்து!"

அவள் கத்தினாள். தென்னையில் இருந்த காகங்கள் எழும்பின. அயல் வளவுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். செலஸ்தீன் மண்ணில் இருந்தபடியே என் மடிந்த கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கண்ணீர் சூடோ குளிரோ எனக்குத் தெரியவில்லை. என் கை நனைந்திருந்ததைக் கண்ணால் கண்டேன்.

வவுனியாவில் காட்டினோம். வெறும் தேமல் என்று பூசத் தந்தார்கள், ஒரு மாதத்தில் போய்விட்டது. இருந்தாலும் பத்து வருடம் இன்னும் முடியவில்லை. விசுவாசிகளுக்கு ஏன் இப்படி என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. சுவாமியின் பதிலை மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்போது பின்னேரங்களில் என் விரல்களை நான் தனியே பார்ப்பதில்லை. றீற்றா பக்கத்தில் வந்து இருக்கிறாள். நோகாத என் கையை அவள் பார்த்துச் சொல்கிறாள். அவளுடைய புயத்தை நான் பார்க்கிறேன். பிறகு மெல்லக் கிள்ளுகிறேன்.

"ஆ! நோகுது தொட்டம்மா" என்கிறாள்.

அன்றைய நாள் அத்தோடு முடிகிறது.