முகேஷ் சொன்ன ஏஸ்

டெஸ்மண்ட் அண்ணா போக்கர் கற்றது ரயிலில்தான். மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் வண்டியில், நான்கு பேர் முழங்கால்மேல் விரித்த செய்தித்தாள்தான் மேசை. சட்டைப் பட்டன்கள்தான் பந்தயம் கட்டும் சிப்ஸ். தங்கவயலில் வீடு, பெங்களூர் பீன்யாவில் லேத் வேலை. அவருடைய அப்பா மதலைமுத்து சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியதும் மகன் ரயிலேறினார். நானும் அதே பெட்டியில்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். புள்ளியியல் படித்தேன், எங்கள் வீட்டில் முதல் பட்டம்.

அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடம் பட்டன்கள் தீரும் நிலைமை வந்தால், எதிரே தன் பட்டன்கள் எல்லாவற்றையும் பந்தயமாகத் தள்ளி வைப்பவர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். “ஏஸ் இருக்குது, விட்டுடு.” சீட்டில் பெரியது ஏஸ்தான். பங்காருப்பேட்டையிலேயே தோற்றவர் கண்டோன்மெண்ட் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டா வருவார்? அந்தப் பேச்சில் யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஊர்காமில் ஏறும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் முகேஷும் சொன்னதில்லை. அவர் டெஸ்மண்ட் அண்ணாவின் பள்ளித் தோழர்.

பெங்களூரில் ஒரு க்ளப் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் நடத்தியது. ஜெயிக்கும் ஒருவருக்குக் கோவாவின் பெரிய போட்டியில் இடம்; கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். அண்ணாவுக்குப் போட்டிமேல் ஆசையில்லை. அவர் மனைவி பியாட்ரிஸ் அக்கா கல்யாணமான நாளிலிருந்து கோவா சவேரியார் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த வாட்டி கூட்டிட்டுப் போறேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணா வந்திருந்தார். முகேஷும் பெயர் கொடுத்திருந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போய், அண்ணாவின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

சாயங்காலம் மேசையில் மிஞ்சியது அவர்கள் இருவரும்தான். அண்ணாவிடம் இருந்தது ஆறு பிளைண்ட் மட்டும், அதாவது கட்டாயப் பந்தயத்தைப் போல ஆறு மடங்கு. முகேஷ் முன்னால் சிப்ஸ் குவிந்து கிடந்தது. அண்ணாவுக்கு கிங்கும் ஒன்பதும் வந்தன. முகேஷ் எல்லாவற்றையும் தள்ளினார்.

“மச்சா, ஏஸ் இருக்குது. விட்டுடு.”

“நெஜமாவா?”

“உங்கிட்ட என்னைக்குடா பொய் சொன்னேன்?”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முகேஷ் கையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், அந்தச் சீட்டுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யலாம், அதாவது பந்தயத்தை ஏற்கலாம். உண்மையிலேயே ஏஸ் இருந்தால் விடுவதுதான் சரி. முடிவு முழுக்க அந்த ஒரு வார்த்தையில் நின்றது. அண்ணா யோசிக்கக்கூட இல்லை. சீட்டுகளைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டார்.

முகேஷ் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். நாலும் மூன்றும். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“டோர்னமெண்ட் மச்சா! ட்ரெயின்னு நெனச்சியா?”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார் அண்ணா. சிரிப்பது போல உதடு விரிந்தது. காது மடல்கள் சிவந்திருந்தன.

இருவர் மட்டும் இருக்கையில் கையிலுள்ள சீட்டைப் பற்றி எதுவும் பேசலாம் என்பது க்ளப்பின் விதி. விதிப்படி முகேஷ்மேல் தப்பில்லை. அப்படியானால் எனக்கு ஏன் அது தப்பாகப் பட்டது? இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அண்ணாவுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்ததில் முகேஷ் மறுபடியும் எல்லாவற்றையும் தள்ளினார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

“டெஸ்மண்ட், சாமி சத்தியமா ஏஸ் இருக்குது. வேணாம்டா.”

அண்ணா கையில் குயினும் ஆறும். அவ்வளவு குறைந்த சிப்ஸுடன் அதற்குக் கால் செய்வது தப்பில்லை என்று எந்தப் பாடமும் சொல்லும். ஆனால் அவர் சீட்டை மறுபடி பார்க்கவே இல்லை. முகேஷ் முகத்தைத்தான் பார்த்தார்.

“கால்.”

முகேஷ் ஏஸைத் திருப்பி வைத்தார். இருவருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த ஐந்து சீட்டுகளும் அண்ணாவுக்கு உதவவில்லை.

“இந்த வாட்டி நெஜம்தானேடா சொன்னேன்?” முகேஷின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஆமா, சொன்ன” என்றபடி அண்ணா எழுந்து கை குலுக்கினார்.

வெளியே வந்ததும் பியாட்ரிஸ் அக்காவே ஃபோன் செய்தார். ஸ்பீக்கர் போடாமலே அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

“என்னாச்சுங்க?”

“தோத்துட்டேன்ம்மா.”

“யாரு ஜெயிச்சது?”

“முகேஷ்.”

“நம்ம முகேஷா? அப்பாடா, யாரோ எவரோன்னு நெனச்சேன். சவேரியார் கோயில்ல எம்பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லுங்க, மறந்துடாதீங்க.”



“சரி, சொல்றேன்” என்றார் அண்ணா.