தோட்டா நிறுக்கும் நித்தியானந்தன்

நித்தியானந்தன் சாமணத்தால் ஒரு தோட்டாவைக் கவ்வி எடுத்துத் தராசில் வைக்கிறார். இலக்கம் ஆடி அடங்கும்வரை மூச்சு விடுவதில்லை. கனம் குறைந்தது இடப்பக்க டப்பாவுக்கு, கூடியது வலப்பக்கத்துக்கு. ஒரே நிறையில் நிற்பவை மட்டும் நடுவில் சேரும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அவைதான் போகும். சனிக்கிழமை காலைகளில் பென்டில் ஹில் புறநகர் வீட்டின் குசினி மேசையில் வெங்காயம் வெட்டக்கூட இடம் கிடைக்காது.

சுடுவது அவரில்லை, மனைவி ரஞ்சினி. துப்பாக்கிக் கழகத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர் நித்தியானந்தன்தான். துணைக்குப் போன ரஞ்சினி, "நானும் ஒருக்கால் சுட்டுப் பாக்கட்டே?" என்று கேட்டுப் படுத்துச் சுட்டார். ஐந்து வெடியும் ஒரு நாணயத்தின் அளவுக்குள் அடங்கின. இவருடையவை இலக்கு அட்டை முழுக்க மேய்ந்திருந்தன. அன்றோடு இவர் துப்பாக்கியை விட்டுத் தராசைப் பிடித்துக்கொண்டார்.

கடையில் வாங்கும் பெட்டியில் எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல இருக்கும் என்பது அவரைப் பொறுத்தவரை பச்சைப் பொய். கனம் கொஞ்சம் மாறினாலும் வெடி விலகும். இந்தச் சின்ன ரகத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் வெடிமருந்தை மாற்றவும் வழியில்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் உட்கார்ந்து பொறுக்கத்தான் வேண்டும். பொறுக்கி முடித்ததும் பூட்டுப் பெட்டிக்குள் வைத்துத் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

நகரசபையில் அவருக்கு வாகனங்களுக்குத் தண்டச்சீட்டு ஒட்டும் வேலை. யார் கெஞ்சினாலும், "நான் பிழை விடுறேல்லை" என்பதே பதில். அந்த வசனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு வெடி விலகிவிட்டால் காரில் திரும்பும் வழியெல்லாம் வழக்கு நடக்கும். தோட்டா பிழை என்பார் ரஞ்சினி. உம்மட மூச்சுத்தான் பிழை என்பார் இவர். பரமட்டா நகரைத் தாண்டியும் ஒருவரும் இறங்கிவர மாட்டார்கள். உள்ளூர இருவருக்கும் அந்தச் சண்டை பிடிக்கும்.

போன மாதம் கழக அணிக்கு ஆள் எடுத்த போட்டியில், ரஞ்சினியின் கடைசி அட்டையில் வெடிகள் மேலும் கீழுமாக விலகின. அணியில் இடம் போய்விட்டது. காரில் வழக்கே எழவில்லை.

"இஞ்சேருங்கோ, என்ர கைதான். வயசு போட்டுது. துப்பாக்கியை வித்துப்போடுவம்."

நியாயப்படி அன்று வழக்கில் வென்றவர் இவர். ஆனால் வீடு வந்ததும் அன்று சுட்ட தோட்டாப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தார். துப்பாக்கியை வாங்குவதற்குக் கழகத்திலேயே ஓர் ஆள் தயாராக இருந்தார்.

மறுநாள் அந்தப் பெட்டியில் எஞ்சிய தோட்டாக்களை எடுத்து நிறுத்தார். ஒரே நிறையில் நிற்க வேண்டியவை, கனம் கூடியதும் குறைந்ததுமாகக் கலந்து கிடந்தன. திரும்பவும் நிறுத்துப் பார்த்தார், அதே கதை. பிறகுதான் நினைவு வந்தது. அவற்றைப் பிரித்த சனிக்கிழமை வீட்டில் விருந்து. மேசை பறிபோனதால், பிட்டு அவிந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் தராசை வைத்திருந்தார். சூடு ஏற ஏறத் தராசின் இலக்கம் நகர்ந்திருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தும் பார்த்தார். மூன்றாம் நாள் துப்பாக்கியை விற்பதற்காக ரஞ்சினி கழகத்துக்குத் தொலைபேசி எடுக்கப் போனபோது, மேசையடிக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அதை வையும். இதில வந்திருந்து நீரே நிறுத்துப் பாரும்."

ரஞ்சினி ஒன்றை வைத்தார். இன்னொன்றை வைத்தார். இலக்கத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்ப என்ர கை இல்லையே?"

"இல்லை. தராசை அடுப்படியில வச்சனான். பிழை என்ரதான்."

ரஞ்சினி எழும்பினார். தராசைத் தூக்கிக்கொண்டு, அடுப்புச் சூடு எட்டாத படுக்கையறைக்குப் போனார். தோட்டாப் பெட்டியுடன் இவர் பின்னால் போய் வாசலில் நின்றார். கண்ணாடி மேசையில் இருந்த தன் பவுடர், சீப்பு, காப்புப் பெட்டி எல்லாவற்றையும் முழங்கையால் ஓரம் தள்ளி, நடுவில் தராசை வைத்துவிட்டு, ரஞ்சினி தோட்டாப் பெட்டிக்காக அவரிடம் கையை நீட்டினார்.