மேகம் இல்லாத இடத்து மழை

கூனிமேட்டில் பஸ் ஏறிய மாமா, பக்கத்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்பா, நாளைக்கு மழை வருமா? பாத்தியில உப்பு நிக்குது. ரெண்டு நாள் வுட்டா இன்னும் நல்லா வெளையும். மழை வந்தா எல்லாம் கரைஞ்சிடும்."

கம்ப்யூட்டரில் வானிலைக் கணிப்பு ஓட்டுவது என் வேலை. அதனால் சொந்தக்காரர்களுக்கு மழை என் கையில்.

"உறுதியா சொல்ல முடியாது மாமா."

"மேல சேட்டிலைட்டு சுத்துதே, அது என்னாதான் பண்ணுது?"

விளக்கினேன். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சேட்டிலைட் அளந்து அனுப்பும். மேகம் மறைத்தால் அளவு தப்பாக வரும். ஆகவே மேகம் உள்ள இடத்துத் தகவலைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

"அப்போ மேகம் இல்லாத எடத்தைப் பாத்துட்டுதான் மழையைப் பத்தி சொல்றீங்களா?"

இதையே ஆபீஸ் மீட்டிங்கில் நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். "அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்" என்பார்கள்.

மரக்காணத்தில் இறங்கும்போது வானம் கறுத்திருந்தது. மாமா செல்லை எடுத்து உப்பளத்து ஆட்களைக் கூப்பிட்டார்.

"டேய், இன்னிக்கே உப்பை வாரிடுங்க. மருமவனைக் கேட்டேன்டா, அவனுக்கே தெரியலையாம்."

உங்கள் ஊரில் இப்போது மேகம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தூக்கிப் போட எங்களுக்கு உதவியாக இருக்கும்.