வழவழப்பான ரோடு

அந்தத் தெருவில் மெஷின் அக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரரே கையை விரித்துவிடுவார். ரோட்டை ஒட்டிய முன்னறையில் தையல் மெஷின், அதற்குப் பின்னால் துணி வெட்டும் மேசை, அதற்கும் பின்னால் ஒரு கட்டில். கட்டிலில் அவள் கணவர். ஒரு பக்கம் கைகால் விழுந்துபோன மனிதரை உள்ளே தனியாகப் போட மனம் வராமல், கண் பார்வையில் வைத்துக்கொண்டே பிழைப்பை நடத்தினாள். பள்ளிச் சீருடை, போலீஸ் சீருடை, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது என்று எந்த வேலைக்கும் முகம் சுளிக்கமாட்டாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

அவள் வாசலுக்கு நேரே ரோட்டில் ஒரு வேகத்தடை இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருப்பதால் எந்தப் புண்ணியவானோ போட்டது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், இவளுக்குத்தான் நரகம். பாரம் ஏற்றிய லாரி அதில் ஏறி இறங்கினால் வீடே ஒரு குலுக்கு குலுங்கும். நேராகப் போன தையல் கோணிக்கொள்ளும். அப்போதுதான் கண்ணயர்ந்த மனுஷன் திடுக்கிட்டு விழித்து, வார்த்தை வராமல் குழந்தை போல அழுவார். அதைத் தினமும் பார்க்கிற கொடுமை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளி முனையில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்குத் தெரு வைத்த பெயர் விசில்காரர். நல்ல மனுஷன், நல்ல தொந்தி. காக்கிக் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துவிட அடிக்கடி அக்காவிடம் வருவார். அப்படி வந்த ஒருநாள் லாரி ஒன்று தடாலென்று ஏறி இறங்கியது. கட்டிலிலிருந்து அழுகை கிளம்பியது. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, உங்களுக்குத்தான் மேல நாலு பேரத் தெரியுமே. இந்தச் சனியனப் பேத்து எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா இனிமே உங்க இடுப்பப் பிரிச்சு விடமாட்டேன்."

"பள்ளிக்கூடம் இருக்கேக்கா."

"பள்ளிக்கூடம் நாள் பூராவுமா விடுது? விடுற நேரத்துக்குத்தான் நீங்க நிக்கிறீங்களே!"

விசில்காரர் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொந்தியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரிதான். இதவிடப் பெரிய வேகத்தடையா அது? நான் நிக்கிறேன்க்கா. மாமா நல்லாத் தூங்கட்டும்."

அடுத்த முறை ரோடு போட வந்தபோது காதும் காதும் வைத்தாற்போலப் பேசி முடித்துவிட்டார். வேகத்தடை போய் ரோடு வழவழவென்று ஆனது. தெருவுக்கே சந்தோஷம், முதுகுவலிக்காரர்களுக்கு இரட்டிப்புச் சந்தோஷம். அக்காவின் கணவர் ஆசை தீரத் தூங்கினார்.

சொன்னபடி விசில்காரரும் நின்றார். கொட்டுகிற மழையிலும் நின்றார். பள்ளி விட்ட ஒரு சாயங்காலம், பாரம் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்த வேகத்தில் வந்தது. குறுக்கே போன பிள்ளைகளை இரண்டு கையாலும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டவருக்குத் தான் விலக நேரமில்லாமல் போயிற்று. அக்கா மெஷினில்தான் இருந்தாள். வீடு குலுங்கவே இல்லை. விசில் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. கட்டிலில் கணவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காக்கித் துணி வந்தால் வேறு கடைக்கு அனுப்பினாள். ஊரே டிரைவரைத் திட்டியது, அவளும் சேர்ந்து திட்டினாள். திட்டித் திட்டிப் பார்த்தும் நெஞ்சு ஆறவில்லை.

தெருச் சங்கத்தின் தலைவர் ஒருநாள் நீல வெல்வெட் துணியோடு வந்து நின்றார். மைக்கைக் கண்டால் விடாத மனுஷன். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பது போலத்தான் பேசுவார்.

"நம்ம ரோட்டுக்கு அவரு பேரு வைக்கிறாங்கம்மா. பெயர்ப்பலகைய மூட ஒரு திரை வேணும். கயிற இழுத்தா சர்ருன்னு விலகணும். அவரு வீட்டம்மாதான் இழுக்கிறாங்க. உங்களத்தான் வாய் நிறைய அக்கா அக்கான்னு கூப்பிடுவாரு, நீங்க தெக்கிறதுதான் மொற."

மறுக்க வாய் வரவில்லை. அவ்வளவு நீள வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. திரையின் மடிப்பைத் தைக்கையில் ஊசி உடைந்தது. மாற்றினாள், அதுவும் உடைந்தது. வெல்வெட்டின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மிதித்த காலில்தான் நிதானம் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் விசில்காரரின் மனைவியே கடைக்கு வந்தாள். குள்ளமான பெண். "எனக்குக் கயிறு எட்டுமான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்கக்கா."

அக்கா கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, அந்த வேகத்தடைய எடுக்க வெச்சது நாந்தான். இவரு தூங்கணும்னு கேட்டேன். என் சுயநலத்துக்கு உன் புருஷனக் காவு குடுத்துட்டேன்."

வந்தவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"தெரியும். அன்னிக்கே வீட்ல வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு." கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்தாள். "உங்கமேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்க்கா. பொய் சொல்லத் தெரியாது. ஆனா இத என்கிட்ட எறக்கி வெச்சா எனக்கு என்ன ஆவும்? நாளைக்குப் பலகை தொறக்கிறாங்க. பலகையப் படிச்சுட்டு லாரி மெதுவாப் போவுமா? என் பையன் அதே பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான்."

கயிறு எட்டவில்லை. இன்னும் ஒரு முழம் விடச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் திரை சர்ரென்று விலகியது. பலகையில் அவர் பெயரைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் தியாகம், கடமை என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மெஷின் அக்கா போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். இதுவரை யாரும் செய்யாத காரியம்.

"இங்க ஒரு வேகத்தடை இருந்துச்சு. நான் கேட்டுத்தான் அத எடுத்தாங்க. அதுக்குப் பதிலாத்தான் அவரு நின்னாரு. பேரு வெச்சீங்க, சந்தோஷம். அத மறுபடி போடுங்க. என் வாசல்லயே போடுங்க."

வழவழப்பான ரோட்டைக் கொண்டாடியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விசில்காரரின் மனைவி மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொன்னபிறகு தட்டிக் கழிக்க அதிகாரிகளுக்கு வழியில்லை. சீக்கிரமே வேகத்தடை வந்தது. முன்பு இருந்ததைவிட உயரம். தார் காய்ந்த பிறகு வந்த முதல் லாரி பிரேக் போட்டுத் திணறி, ஏறி, தடாலென்று இறங்கியது. வெட்டுமேசையில் கத்தரி குதித்தது. கணவர் விழித்து அழ ஆரம்பித்தார்.

அக்கா மெஷினை விட்டு எழுந்து போய், அவர் நெஞ்சில் கை வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதீங்க. தம்பி நிக்கிறாரு."